கையெழுத்து பொருந்தவில்லை

கென்ட், வாஷிங்டன் மாநிலம்
11.09.2022

அன்பு மகள் சாய்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அத்தா நல்லா இருக்கேன். முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தா மல்லுக்கு நிக்குது. நீயும் உங்க அம்மாவும் சுகமா இருக்கணும்னு ஐந்து வேளையும் தொழுது துஆ கேட்டுக்கறேன். உங்க அம்மா பெயரைச் சொல்லிக் கேட்கலாமா கூடாதான்னு தெரியல. பிரிஞ்சு மூணு வருஷம் ஆச்சு. ஆனா அவங்க கேட்டு வாங்கின குலா எங்க கல்யாணத்துக்குத்தான், துஆவுக்குக் கிடையாதுன்னு நினைக்கறேன்.

பிளஸ் டூ முடியற வரைக்கும் போன் பேசக் கூடாது, கடிதம் மட்டும்தான்னு அவங்க போட்ட சட்டம் ஒரு விதத்துல நல்லது. போன்ல நான் 'சாப்பிட்டியா'வைத் தாண்டினதே இல்ல.

ஒரு விஷயத்தை நேராச் சொல்லிடறேன். ஜூலை கடைசியில நான் இந்த நாட்டுக் குடிமகன் ஆயிட்டேன். ஒரு மண்டபத்துல நூறு பேரோட நின்னு கையை உயர்த்திச் சத்தியம் பண்ணினேன். நம்ம பாஸ்போர்ட்டை ஒப்படைச்சேன். 'ரத்து'ன்னு முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினாங்க. லஸ் முனை கடையில எத்தனை ஆபீஸுக்கு நான் 'ரத்து' ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சு கொடுத்திருப்பேன். அது ஒருநாள் என் போட்டோ மேலயே விழும்னு நினைச்சதில்ல.

2019-ல வந்தப்ப, 'நீ பிளஸ் டூ முடிக்கறப்ப அத்தா இங்க இருப்பேன்'னு சொன்னேன். மறக்கல. அதைப் பத்திக் கடைசியில வர்றேன்.

முதல்ல ஒரு சந்தோஷம். நவம்பர் 8-ம் தேதி இங்க தேர்தல். நான் ஓட்டுப் போடப் போறேன். நாற்பத்தேழு வயசுல முதல் ஓட்டு! ஊர்ல ஒரு தடவை பெயரே இல்ல. அடுத்த தடவை தெரு மாறிப் போயிருந்துச்சு. 2014-ல, நான் கிளம்பறதுக்கு ஆறு மாசம் முன்னாடி, வரிசையில ரெண்டு மணி நேரம் நின்னு உள்ள போனா, 'உங்க ஓட்டு விழுந்துடுச்சே சார்'னு லிஸ்ட்ல ஸ்கேல் வச்சு அடிச்ச கோட்டைக் காட்டினாங்க. எவனோ நானா வந்து போட்டுட்டான். என் விரல்ல பட்ட மையெல்லாம் ஸ்டாம்ப் பேடு மைதான்.

இங்க என்ன தேர்தல்னு கேப்பே. செனட்டர். நம்ம ஊரு ராஜ்யசபா மாதிரின்னு வச்சுக்கோ. ஆனா நம்ம ஊர்ல எம்.எல்.ஏ.க்கள்தான் ராஜ்யசபாவுக்கு ஆள் அனுப்புவாங்க. இங்கயும் நூறு வருஷத்துக்கு முன்னாடி அப்படித்தானாம். அப்புறம் சட்டத்தைத் திருத்தி, ஜனங்களே நேராப் போடட்டும்னு ஆக்கிட்டாங்க. மாநிலம் பெருசோ சிறுசோ, எல்லாத்துக்கும் ரெண்டே ரெண்டு செனட்டர். வடக்குக்கு ஒருத்தர், தெற்குக்கு ஒருத்தர்னு பிரிக்கிறதில்ல. ரெண்டு பேருமே முழு மாநிலத்துக்கும். ஆறு வருஷப் பதவி. ரெண்டு பேருக்கும் ஒரே வருஷம் முடியாத மாதிரி தள்ளித் தள்ளி வச்சிருக்காங்க. இந்த வருஷம் ஒரு இடம், 2024-ல இன்னொண்ணு.

பூத், வரிசை, மை எதுவும் கிடையாது. ஓட்டுச் சீட்டு தபால்ல வீட்டுக்கே வரும். நிரப்பி, கவர்ல போட்டு, வெளியில கையெழுத்துப் போட்டு அனுப்பணும். அந்தக் கையெழுத்தைக் கவுண்டி ஆபீஸ்ல, அதாவது நம்ம மாவட்ட ஆபீஸ் மாதிரி, டிரைவிங் லைசென்ஸ்ல இருக்கிறதோட ஒப்பிட்டுப் பார்த்துட்டுத்தான் கவரைப் பிரிப்பாங்களாம்.

இப்ப அந்தக் கடைசி விஷயம். குடிமகன் ஆனவங்க, இருபத்தொண்ணு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளையைச் சீக்கிரமா இங்க வரவழைச்சுக்கலாம். மனுவை வாங்கி வச்சிருக்கேன். நீ 'சரி'ன்னா கையெழுத்துப் போடுவேன். இங்க காலேஜ் சேரலாம். யோசிச்சுச் சொல்லு. அவசரமில்ல, ஆனா ரொம்ப நாள் ஆக்கிடாதே.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. போன வருஷம் நீ, இங்க சியாட்டல்ல படிக்கற உங்க கீழ் வீட்டு வலியுல்லாவைப் பிடிச்சு என் கார் கண்ணாடியில வைக்கச் சொன்ன அபராதச் சீட்டை மறக்கல. 'அறுபது நாள் கடிதம் எழுதாமல் தகப்பனை நிறுத்தி வைத்த குற்றம்'னு அடியில பொடி எழுத்துல இருந்ததைப் படிக்காம, நகராட்சி ஆபீஸ்ல அரை மணி வரிசையில நின்னேன். கவுண்டர்ல இருந்த அம்மா சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. இனிமே ஏமாற மாட்டேன்.

பிரியமுள்ள அத்தா,
தௌஃபீக்

*

மந்தைவெளி, சென்னை-28
28.09.2022

மதிப்பிற்குரிய அமெரிக்கக் குடிமகன் அவர்களுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். பீடி, சிகரெட், சோடா கூடத் தொடாத எங்க அத்தாவை எட்டே வருஷத்துல 'குடிமகன்' ஆக்கிட்டாங்களே, அந்த நாடு உருப்படுமா? மாநிலத்தோட பெயரும் உங்களுக்குப் பொருத்தம்தான். துணி துவைக்கிறதும் நீங்களே, பாத்திரம் கழுவுறதும் நீங்களே. வாஷிங், டன் கணக்குல.

இங்க குவார்ட்டர்லி பரீட்சை முடிஞ்சது. கணக்குல 71. வலியுல்லா அண்ணனோட அம்மா கீழ் வீட்டுலேருந்து அனுப்பற நோன்புக் கஞ்சி நோன்பு இல்லாத நாள்லயும் வந்துகிட்டே இருக்கு. அண்ணன் சியாட்டல்ல படிக்கப் போனதுலேருந்து அவர் பங்கும் எனக்குத்தான். அம்மா ஸ்கூல் விட்டு வந்ததும் மத்த டீச்சர்களோட சேர்ந்து ஓட்டர் லிஸ்ட் வேலை பார்க்கறாங்க. உங்க கடையை எடுத்து நடத்தற கரீமுல்லா மாமா 'தௌஃபீக் ஸ்டாம்ப்ஸ்' போர்டை இன்னும் மாத்தலை. 'உங்க அத்தா வந்து மாத்தட்டும்'ங்கறார். பாவம், அவருக்கு யார் சொல்றது?

உங்க கடிதத்தை அம்மாகிட்ட படிச்சுக் காட்டலை. மேஜை மேல மறந்த மாதிரி வச்சேன். எடுத்துப் படிச்சுட்டு, மறந்த மாதிரியே திருப்பி வச்சிருந்தாங்க. நம்ம வீட்டுல தபால் ஆபீஸ் இப்படித்தான் நடக்குது.

எனக்கு ஒரு சந்தேகம். ஜூலையில சத்தியம் பண்ணிட்டு செப்டம்பர்ல சொல்றீங்களே, ஆகஸ்ட்ல என்ன பண்ணினீங்க? ஆகஸ்ட் 9-ம் தேதி போட்ட கடிதத்துல முழுக்க உங்க முழங்காலைப் பத்தித்தான் இருந்துச்சு. ரெண்டு பக்கம். அந்த முழங்கால்ல பாதி இடத்தை இந்த விஷயத்துக்குக் கொடுத்திருக்கலாம்.

எனக்குக் கோபமில்ல. ப்ரோகிரஸ் ரிப்போர்ட்ல உங்க கையெழுத்தை நான்தான் மூணு வருஷமா போட்டுகிட்டு வர்றேன், அதனால உங்க சார்பா நானே என்னை மன்னிச்சுகிட்ட மாதிரி, உங்களையும் மன்னிச்சுட்டேன். ஊரை மாத்தியாச்சு, பாஸ்போர்ட்டை மாத்தியாச்சு. மிச்சம் கையெழுத்து ஒண்ணுதான். கடிதத்துல மட்டும் 'தௌஃபீக்'னு தமிழ்ல போடுறீங்க. அங்க எல்லாத்துலயும் இங்கிலீஷ்லதான் கிறுக்குவீங்கன்னு வலியுல்லா அண்ணன் சொன்னார். எனக்கு எதுக்கு அந்தத் தமிழ்? பழைய ஸ்டாக்கா?

மனு விஷயத்துக்கு அப்புறம் பதில் எழுதறேன். இப்ப வேதியியல் கூப்பிடுது.

இப்படிக்கு,
இந்தியக் கிளை நிர்வாகி,
சாய்மா

*

மந்தைவெளி கவுண்டி தேர்தல் அலுவலகம்
(அமெரிக்காவில் கிளைகள் இல்லை)
14.10.2022

நோட்டீஸ் எண் 1

திரு. தௌஃபீக் அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பவிருக்கும் ஓட்டுக் கவரில் தாங்கள் இடவிருக்கும் கையெழுத்து எங்கள் கோப்பில் உள்ள கையெழுத்துடன் பொருந்தவில்லை என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறோம். எங்கள் கோப்பு என்பது த. சாய்மா என்பவரின் ஒன்பதாம், பத்தாம், பதினொன்றாம் வகுப்பு ப்ரோகிரஸ் ரிப்போர்ட்டுகள் ஆகும். அவற்றில் உள்ள கையெழுத்தே அசல் என்று வகுப்பு ஆசிரியை சான்றளித்துள்ளார்.

காரணம் காட்டுக:
அ) பிளஸ் டூ முடியும்போது இருப்பேன் என்ற வாக்குறுதி எந்தப் பெட்டியில் போடப்பட்டது?
ஆ) அந்தப் பெட்டிக்குப் பூட்டு உண்டா?

தவறினால் மேலும் இரண்டு நோட்டீஸ்கள் வரும். அவை இதைவிட அசலாக இருக்கும்.

(வட்ட முத்திரை: கரீமுல்லா மாமா செஞ்சு கொடுத்தது. நடுவுல இருக்கிறது கழுகு இல்ல, காக்கா. கழுகு அச்சு ஸ்டாக் இல்லையாம்.)

*

கென்ட்
13.11.2022, ஞாயிறு

என் செல்ல வம்புக்காரிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோட்டீஸ் எண் 1 வந்த அன்னிக்கு வேலையில மூணு பேருக்கு அதைப் படிச்சு மொழிபெயர்த்தேன். காக்கா முத்திரை பார்த்துக் கண்ணுல தண்ணி வர சிரிச்சேன். சிரிப்பு முடிஞ்ச பிறகும் தண்ணி நிக்கலை.

அதுக்கு முன்னாடி வந்த கடிதத்துல 'பழைய ஸ்டாக்கா'ன்னு கேட்டிருந்தே. அந்த வார்த்தை ரெண்டு நாள் கூடவே வேலைக்கு வந்துச்சு.

ஓட்டுச் சீட்டு வந்ததும் பிரிக்காம வச்சிருந்தேன். 5-ம் தேதி சனிக்கிழமை லீவு. குளிச்சு, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போடற வெள்ளைச் சட்டையைப் போட்டுகிட்டு, சாப்பாட்டு மேஜையைத் துடைச்சுட்டு உட்கார்ந்தேன். நீ பார்த்தா கேலி பண்ணியிருப்பே. செனட்டர் பெயர்கள் மேல இருந்துச்சு. ரெண்டு பேர்தான். ஆகஸ்ட்லயே ஒரு முன்தேர்தல் நடத்தி, எந்தக் கட்சியா இருந்தாலும் முதல் ரெண்டு இடத்துல வந்தவங்களை மட்டும் நிறுத்தியிருக்காங்க. பெயருக்குப் பக்கத்துல சின்ன முட்டை வட்டம். அதைக் கறுப்புப் பேனாவால நிரப்பணும். கோட்டைத் தாண்டாம நிரப்பறதுக்கு அஞ்சு நிமிஷம் எடுத்துகிட்டேன்.

அப்புறம் கவர். கையெழுத்துப் போட ஒரு கட்டம். பேனாவை வச்சப்ப உன் வார்த்தைதான் ஞாபகம் வந்துச்சு. வாழ்க்கையில முதல் ஓட்டு. எட்டு வருஷமா இந்த ஊர்ல கிறுக்கிகிட்டு இருக்கற அந்தப் புழுவையா இதுல போடறது? 'மு. தௌஃபீக்'னு தமிழ்லயே போட்டேன். உங்க தாத்தா பெயரோட முதல் எழுத்து மு-வையும் சேர்த்து. லைப்ரரி வாசல்ல இருக்கிற பெட்டியில போட்டுட்டு, பெட்டியைத் தட்டிப் பார்த்தேன். நல்ல கனமான பெட்டி. பூட்டு இருக்கு. உன் 'ஆ'வுக்கு இதை மட்டும் பதிலா வச்சுக்கோ.

நேத்து உன் நோட்டீஸ் எண் 2 வந்துச்சு. அடேயப்பா! இங்கிலீஷ்ல, கவுண்டி முத்திரையோட, இந்த ஊர்த் தபால் முத்திரையோட. வலியுல்லாதானே போட்டான்? 'உங்கள் கையெழுத்து எங்கள் கோப்பில் உள்ளதோடு பொருந்தவில்லை, இணைத்துள்ள படிவத்தில் கையெழுத்திட்டு நவம்பர் 28 மாலைக்குள் அனுப்பவும், இல்லையேல் உங்கள் ஓட்டு எண்ணப்படாது'ன்னு எவ்வளவு நேர்த்தியா எழுதியிருக்கே! முத்திரை அச்சு அசல். தொழில்காரன் சொல்றேன், ஒரு குறை கிடையாது. இந்தத் தடவை நான் எந்த வரிசையிலயும் போய் நிக்கலை பார்த்தியா? காந்தம் வச்சு ஃப்ரிட்ஜ் கதவுல மாட்டி வச்சிருக்கேன். தண்ணி எடுக்கும்போதெல்லாம் பார்த்துச் சிரிக்கறேன். ரெண்டு தடவை தெரியாத நம்பர்லேருந்து போன் கூட வந்துச்சு. எடுக்கலை. வலியுல்லாவுக்குக் குரல் மாத்திப் பேசத் தெரியும்.

மூணாவது நோட்டீஸுக்குக் காத்திருக்கேன். அதோட மனுவுக்கும் பதில் அனுப்பு. நீ அதைத் தொடவே மாட்டேங்கறே.

அத்தா,
மு. தௌஃபீக்

*

மந்தைவெளி
30.11.2022

அத்தாவுக்கு,

உங்க கடிதம் இன்னிக்கு மத்தியானம்தான் வந்துச்சு.

அது நான் அனுப்பினது இல்ல.

நான் ஒண்ணே ஒண்ணுதான் அனுப்பினேன், காக்கா போட்டது. வலியுல்லா அண்ணனோட அம்மா போன்லேருந்து அண்ணனையும் கேட்டுட்டேன். அவர் எதையும் போடலை. உங்களுக்குப் போனும் பண்ணலை. ஃப்ரிட்ஜ்ல இருக்கிறது நிஜம், அத்தா. அதுல இருந்த தேதி 28. இன்னிக்கு 30. லைசென்ஸ்ல இங்கிலீஷ்ல போட்டிருக்கீங்க, கவர்ல தமிழ்ல போட்டீங்க. நான் 'பழைய ஸ்டாக்'னு எழுதினதாலதான் தமிழ்ல போட்டீங்க. நான் இன்னும் ரெண்டு வரும்னு எழுதினதாலதான் நிஜத்தைப் பார்த்து நீங்க சிரிச்சீங்க. ரெண்டு பக்கமும் நான்தான் நிக்கறேன்.

கடிதத்தைப் படிச்சுட்டு அடுப்படிக்குப் போய் அம்மாகிட்ட முழுசாச் சொன்னேன். மேஜை மேல வைக்கலை. நேராச் சொன்னேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். அடுப்பை அணைச்சுட்டு உட்கார்ந்துட்டாங்க. 2014 எலெக்‌ஷன் அன்னிக்கு நடந்ததைச் சொன்னாங்க. எனக்குத் தெரியாது.

அன்னிக்கு அவங்களுக்கு அடையாறுல ஒரு பூத்துல டியூட்டியாமே. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா நீங்க உர்ருன்னு உட்கார்ந்திருந்தீங்களாம். 'என் ஓட்டை எவனோ போட்டுட்டான்'னீங்களாம். அம்மா, 'டெண்டர் ஓட்டுன்னு ஒண்ணு இருக்கே, கேட்டிருந்தா உங்களுக்குத் தனியா ஒரு சீட்டு கொடுத்திருப்பாங்களே, கவர்ல போட்டு மூடி வச்சிருப்பாங்களே'ன்னாங்களாம். 'அதை எண்ணுவாங்களா?'ன்னீங்களாம். 'மாட்டாங்க.' 'அப்ப அது எதுக்கு?' பத்து நாள் ரெண்டு பேரும் பேசலையாம். உங்க அண்ணன் போட்ட மனு மூலமா அமெரிக்கா விசா வந்திருந்த நேரம் அது. 'நான் வரலை, என் வேலையை விட மாட்டேன்'னு சொன்னதும் அந்தப் பத்து நாளுக்கு அப்புறம்தானாம்.

அம்மா இன்னிக்குச் சொன்னாங்க: 'எண்ணாட்டி என்ன? அந்த மனுஷன் வந்தார்னு ஒரு எழுத்து இருந்திருக்கும். அதைச் சொல்லத் தெரியாம நான் சட்டம் பேசிட்டேன்.'

அத்தா, எத்தனை தடவை மன்னிப்பு எழுதினாலும் உங்க ஓட்டு வராது. அதனால நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். மனுவுல கையெழுத்துப் போடுங்க. நான் வர்றேன். பரீட்சை முடிஞ்சதும் வர்றேன். அங்கேயே படிக்கறேன். அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். இதுல எந்த விளையாட்டும் இல்ல.

தங்கள் கீழ்ப்படிந்த மகள்,
சாய்மா

*

கென்ட்
18.12.2022

கவுண்டி தேர்தல் அலுவலகம், ஃப்ரிட்ஜ் கிளை
நோட்டீஸ் எண் 3

செல்வி சாய்மா அவர்களுக்கு,

30.11.2022 தேதியிட்டுத் தாங்கள் அனுப்பிய கடிதத்தில் உள்ள 'நான் வர்றேன்' என்ற வாசகமும், 'கீழ்ப்படிந்த மகள்' என்ற கையெழுத்தும் எங்கள் கோப்பில் உள்ள சாய்மாவுடன் பொருந்தவில்லை. எங்கள் கோப்பில் இருப்பவர் ஒரு வம்புக்காரி. இதுவரை ஒருநாளும் கீழ்ப்படிந்ததாகப் பதிவு இல்லை. எனவே தங்கள் ஓட்டு எண்ணப்படாமல் தனியே வைக்கப்படுகிறது. திருத்திக்கொள்ள அவகாசம் உண்டு. கடைசித் தேதி கிடையாது.

போதும், இதுக்கு மேல இந்தப் பாஷை எனக்கு வராது. உன் அளவுக்குத் திறமை இல்ல.

சாய்மா கண்ணு, உன் கடிதம் வந்த மறுநாள் ஃப்ரிட்ஜ்லேருந்து அந்தக் காகிதத்தைக் கழற்றிகிட்டு ஆபீஸுக்குப் போனேன். கவுண்டர்ல ஒரு வயசான அம்மா. சிரிக்கலை. கம்ப்யூட்டர்ல பார்த்துட்டு, 'வந்து சேர்ந்துச்சு, ஆனா எண்ணலை'ன்னாங்க. முடிவு அறிவிச்சு ரெண்டு வாரமாச்சு. செனட்டர் ஜெயிச்சாச்சு, என் ஒரு ஓட்டால அது மாறியிருக்காது. அது எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டேன்: 'அந்தக் கவர் இப்ப எங்க?'

பிரிக்க மாட்டாங்களாம். ஒட்டின கவர் ஒட்டினபடி, இருபத்திரண்டு மாசம் பெட்டியில போட்டுப் பத்திரமா வச்சிருக்கணும்னு சட்டமாம். 'உங்க பெயர், தேதி, கவர் வந்த நேரம் எல்லாம் பதிவுல இருக்கு'ன்னு திரையைத் திருப்பிக் காட்டினாங்க. நவம்பர் 5. என் கையெழுத்தைப் படம் பிடிச்சு வச்சிருந்தாங்க. பெரிசு பண்ணிப் பார்த்தேன். மு-வோட சுழி கொஞ்சம் கோணல்.

வெளியில வந்து கார்ல உட்காரும்போதுதான் உங்க அம்மா சொன்னது புரிஞ்சது. எட்டரை வருஷம் ஆயிடுச்சு, அது புரியறதுக்கு. அவங்ககிட்ட இதை நீயே சொல்லு. மேஜை மேல வைக்காதே.

கிளம்பறதுக்கு முன்னாடி அந்தம்மா ஒரு படிவம் கொடுத்தாங்க. இனிமே எந்தக் கையெழுத்து கோப்புல இருக்கணும்னு கேட்டாங்க. 'எந்த மொழியா இருந்தாலும் சரி, ஒவ்வொரு தடவையும் அதையே போடுங்க'ன்னாங்க. தமிழ்லயே போட்டுக் கொடுத்துட்டேன். 2024-ல இன்னொரு செனட் இடத்துக்குத் தேர்தல் வரும்போது இது பொருந்தும்.

இப்ப நான் சொல்ல வேண்டியது. நீ கேட்ட 'அ'. வாக்குறுதி எந்தப் பெட்டியில போச்சு? எந்தப் பெட்டியிலயும் இல்ல. நான் அதைப் போடவே இல்ல, சாய்மா. 2019-ல உன்னைப் பார்த்துச் சொன்னப்பவே எனக்குத் தெரியும், நான் திரும்பி வந்து வாழப் போறதில்லைன்னு. உன் முகத்தைப் பார்த்துட்டு வேற சொல்ல வரலை. குடிமகன் ஆனது உன்னைக் கூப்பிடறதுக்காகங்கற மாதிரி எழுதினேன். அது பாதி. மீதிப் பாதி, நான் இந்த ஊர்க்காரனா ஆயிட்டேன். இங்க காலையில மழை பெய்யற விதம் எனக்குப் பழகிப்போச்சு. உன்கிட்ட இதைச் சொல்லாம, முழங்காலைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதினேன்.

அதனால நீ எனக்கு எதையும் ஈடு செய்ய வேண்டியதில்ல. என் ஓட்டுக்குப் பதிலா உன்னைக் கொடுக்காதே. மனு மேஜை டிராயர்ல இருக்கு. நான் கையெழுத்துப் போடலை. உனக்கு நிஜமா என்ன வேணுமோ அதை எழுது. 'வர்றேன்'னாலும் சரி, 'வரலை'ன்னாலும் சரி. உன் கையெழுத்தா இருந்தாப் போதும்.

22-ம் தேதி உனக்குப் பதினெட்டு. இந்தக் கடிதம் லேட்டாத்தான் வந்து சேரும். அல்லாஹ் உன்னை நல்லா வச்சிருக்கணும்.

மு. தௌஃபீக்

*

மந்தைவெளி, சென்னை-28
14.01.2023

அன்புள்ள அத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். நோட்டீஸ் எண் 3 கிடைச்சது. முத்திரை இல்லாத நோட்டீஸ் செல்லாது. ரப்பர் ஸ்டாம்ப் கடை வச்சிருந்தவர் இப்படி அனுப்பலாமா? இருந்தாலும் தகப்பன்னு மன்னிச்சு ஏத்துக்கறேன்.

கவர் பத்திரமா இருக்குங்கறதை அம்மாகிட்ட நேராச் சொன்னேன். 'இருபத்திரண்டு மாசமா?'ன்னு கேட்டாங்க. அப்புறம், 'நம்ம ஊர்ல வச்சிருக்கறதைவிட அதிகம்தான்'னாங்க. அவ்வளவுதான். ஆனா சாயங்காலம் முழுக்க ஏதோ முணுமுணுத்துகிட்டே நோட்டுத் திருத்தினாங்க. நான் உன்னிப்பாக் கேட்டேன், பாட்டு.

பதில் எழுத உட்கார்ந்து நாலு தாள் கிழிச்சேன். அஞ்சாவதுக்கு முன்னாடி இசக்கியம்மாள்னு ஒரு அக்கா வந்து கதவைத் தட்டினாங்க. அங்கன்வாடி டீச்சர், எங்க தெருவுக்கு ஓட்டர் லிஸ்ட் வேலை அவங்களுக்குத்தான். 'பதினெட்டு ஆன பிள்ளை இருக்காமே?'ன்னு கேட்டு, புதுசாப் பெயர் சேர்க்கிற ஆறாம் நம்பர் படிவத்தை நீட்டினாங்க.

பெயர் எழுதினேன். பிறந்த தேதி எழுதினேன். முகவரி: மந்தைவெளி. தொகுதி: மயிலாப்பூர். அதை எழுதினப்ப கை நிக்கலை அத்தா. அப்பத்தான் எனக்கே தெரிஞ்சது, உங்களுக்கு என்ன பதில்னு.

நான் வரலை.

கோபத்துல இல்ல. அம்மாவைத் தனியா விட முடியாதுன்னும் இல்ல. அவங்க என்னை விட்டா நிம்மதியாப் பாட்டுப் பாடுவாங்க போலிருக்கு. உங்களுக்கு அங்க காலை மழை பழகின மாதிரி எனக்கு இங்க எல்லாம் பழகியிருக்கு. பொய்யா வந்து, ரெண்டு வருஷம் கழிச்சு முழங்காலைப் பத்தி எழுத எனக்கு இஷ்டமில்ல.

படிவத்துல அடுத்து ஒரு கட்டம் இருந்துச்சு. உறவினர் ஒருத்தரோட பெயர். ஒருத்தர்தான். அப்பா, அம்மா, யாரோ ஒருத்தர். அம்மா அடுப்படியிலேருந்து எட்டிப் பார்த்துட்டு, 'அத்தா பேரைப் போடு, எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க'ன்னாங்க. நான் அம்மா பேரை, 'ஜைதூன்'னு எழுதினேன். அம்மா பால் பொங்குதுன்னு உள்ள ஓடினாங்க. அடுப்புல பாலே இல்ல.

அத்தா, இந்த வீட்டுக்கும் ரெண்டு இடம்தான். செனட்டர் பத்தி நீங்க எழுதினீங்களே, ரெண்டும் ஒரே நேரத்துல முடியாத மாதிரி தள்ளி வச்சிருக்காங்கன்னு. 2014-லேருந்து நான் அந்த ஏற்பாட்டுலதான் இருக்கேன். ஒரு இடத்துல எப்பவும் ஆள் இருந்தாங்க. அவங்க பெயரைத்தான் எழுதினேன்.

கடைசியில கையெழுத்துப் போட்டேன். இசக்கியம்மாள் அக்கா படிவத்தைத் திருப்பிப் பார்த்துட்டுக் கண்ணைச் சுருக்கினாங்க.

'உறவு ஜைதூன்னு போட்டிருக்க. கையெழுத்துல முன்னாடி த போட்டிருக்க. த யாரு பாப்பா?'

'எங்க அத்தா.'

'இங்க இல்லையா?'

'அவருக்கு வேற மாநிலத்துல ஓட்டுக்கா.'

'அப்ப அந்த த-வை எடுத்துடட்டுமா? பின்னாடி குழப்பம் வரப்போகுது.'

'வேணாங்க்கா. முழுசும் சேர்ந்துதான் கையெழுத்து.'

அவங்க, 'சரி, எந்த நாளும் இதையேதான் போடணும், ஆமா'ன்னு சொல்லி வாங்கிகிட்டுப் போனாங்க. உங்க கவுண்டர் அம்மாவோட தங்கச்சியா இருக்குமோ?

கரீமுல்லா மாமாகிட்டயும் சொல்லிட்டேன், நீங்க வரப்போறதில்லைன்னு. கொஞ்ச நேரம் பேடை மூடி மூடித் திறந்தார். போர்டை மட்டும் மாத்த மாட்டாராம். பெயின்டர் கிடைக்கலையாம். எதிர்க் கடையே பெயின்ட் கடைதான்.

டிராயர்ல இருக்கிற மனுவை என்ன செய்வீங்களோ செய்யுங்க. பரீட்சை முடிஞ்சதும் போன் தடை நீங்குது. சொல்லி வைக்கறேன், 'சாப்பிட்டியா'வுக்கு அப்புறம் பேச ரெண்டு விஷயமாவது தயார் பண்ணி வச்சுக்கோங்க. முழங்கால் கணக்குல வராது.

2024-ல நம்ம ரெண்டு பேருக்குமே ஓட்டு இருக்கு. எனக்கு இங்க ஏப்ரல்ல, மே-ல எப்பவோ. உங்களுக்கு அங்க நவம்பர்ல. நான் வரிசையில நின்னு விரல்ல மை வச்சுகிட்டு வருவேன். என் ஓட்டை எவனாவது முன்னாடியே போட்டிருந்தா, வீட்டுக்கு வந்து உர்ருன்னு உட்கார மாட்டேன். டெண்டர் ஓட்டு கேட்டு வாங்கிட்டுத்தான் வருவேன்.

கீழ இருக்கிற கையெழுத்தை நல்லாப் பார்த்துக்கோங்க. உங்க கோப்புல இனிமே இதை வச்சுக்கோங்க.

த. சாய்மா